டீமக்ஸில் ரைட் கிளிக் மெனு: சுட்டிய இடத்தைப் பார்த்து விரியும் பட்டியல்

டெர்மினலுக்குள் ரைட் கிளிக் மெனு உண்டு என்றால் இன்னும் பலர் நம்புவதில்லை. ஒரே டெர்மினலைப் பல கட்டங்களாகப் பிரித்து வேலை பார்க்க உதவும் டீமக்ஸை நெடுநாளாகப் பழகியவர்கள்கூட கான்ஃபிக் கோப்பை ஒருமுறை எழுதி வைத்துவிட்டு, பிறகு வந்த புது வசதிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2019 நவம்பரில் வந்த 3.0 பதிப்பில் டிஸ்ப்ளே-மெனு என்ற கட்டளை சேர்ந்தது. மவுஸை இயக்கிவிட்டு, பிரித்து வைத்திருக்கும் திரைக் கட்டங்களில் (கான்ஃபிக் மொழியில் பேன்) ஒன்றின் மேல் ரைட் கிளிக் செய்தால், கோட்டெழுத்துகளால் வரைந்த ஒரு பெட்டி விரியும். பிரி, இடம் மாற்று, கொல், குறி வை, பெரிதாக்கு என்று வரிசையாக இருக்கும். எங்கோ ஒரு சர்வரில், தொலை இணைப்புக்கான எஸ்எஸ்எச் வழியாக வேலை பார்த்தாலும் இது வரும். வரைவது நம் டெஸ்க்டாப் அல்ல, அந்த சர்வரில் ஓடும் டீமக்ஸ்.

வந்தபடியே விட்டால் அந்த மெனுவால் எனக்குப் பெரிய பயனில்லை. கட்டத்தைப் பிரிக்க மவுஸைத் தேடிக் கையை நகர்த்துவதற்குள் விசைப்பலகையில் முடித்துவிடலாம். ஆனால் எங்கள் குழுவில் எல்லாரும் அந்த விசைகளோடு வளர்ந்தவர்கள் அல்ல. இரவுப் பணிக்குப் புதிதாக வந்த தம்பியும் நானும் ஒரே செஷனில் இருந்தபோது, "அண்ணா, கன்ட்ரோல் பி அழுத்திட்டு அப்புறம் என்னன்னு சொன்னீங்க?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் ஆப் வைத்து வேலை செய்பவர். அவர் கை தானாகவே மவுஸுக்குத்தான் போகும். அவருக்காக ஆரம்பித்த வேலை, இப்போது அவரைவிட நான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

நான் வைத்துக்கொண்ட விதி இது: விசைப்பலகையில் ஏற்கெனவே எளிதாக இருப்பது மெனுவில் வேண்டாம். மவுஸ் எந்த இடத்தைச் சுட்டுகிறதோ, அந்த இடத்தைத் தெரிந்தால் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் மெனுவுக்கு வரட்டும். சுட்டியின் கீழ் ஒரு ஐபி முகவரி இருக்கிறதா, அந்தக் கட்டத்தில் ஓடுவது எஸ்எஸ்எச்சா, இதெல்லாம் மெனுவுக்குத் தெரியும், விசைக்குத் தெரியாது.

கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்கிறபடியே இங்கே எழுதுகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவில் ஹைபன்.

கிளிக் வந்து சேர்கிறதா?

மெனுவைத் திருத்துவதற்கு முன்னால், கிளிக் டீமக்ஸ் வரைக்கும் போகிறதா என்று பார்ப்பது நல்லது. 2015-இல் வந்த 2.1-க்கு முன்பு மவுஸுக்கு மட்டும் பல தனித்தனி அமைப்புகள் இருந்தன. அதன் பிறகு மவுஸ் என்ற ஒரே அமைப்பு. அது இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். இயக்கியதும் டெர்மினல் ஆப் தன் சொந்த ரைட் கிளிக் மெனுவைக் காட்டுவதை நிறுத்திவிடும். அது வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். மேக்கில் ஓடும் டெர்மினல் ஆப்பான ஐடெர்ம்2-வில் ஷிஃப்டுக்குப் பதில் ஆப்ஷன் விசை. புட்டிக்காரர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ரைட் கிளிக் என்றால் ஒட்டுவது. மவுஸை இயக்கிய மறுநிமிடம் "பேஸ்ட் ஆகலை" என்று போன் வரும்.

கிளிக்கை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு. டீமக்ஸுக்கு வெளியே, வெறும் ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), பிரின்ட்எஃப் கட்டளையால் 1000, 1006 என்ற இரண்டு மவுஸ் முறைகளையும் இயக்கிவிட்டு, கேட் கட்டளையை மறைந்த எழுத்துகளைக் காட்டும் தெரிவோடு ஓட்டுங்கள். இப்போது ரைட் கிளிக் செய்தால் திரையில் ^[[<2;34;12 என்று வந்து கடைசியில் ஒரு பெரிய எம் நிற்கும். முதல் எண் பட்டன்: இடது 0, நடு 1, வலது 2. அடுத்தது 34-ஆவது நெடுவரிசை, 12-ஆவது வரி. விரலை எடுத்ததும் அதே சரம் மறுபடி வரும், கடைசியில் சின்ன எம்மோடு. பழைய முறையில் இந்த எண்களோடு 32-ஐக் கூட்டி ஒரே பைட்டில் அடைத்தார்கள். 255-இல் 32 போக 223 நெடுவரிசைக்கு மேல் சொல்லவே வழியில்லை. அகலமான மானிட்டரின் வலது ஓரத்தில் கிளிக் காணாமல் போனது அதனால்தான். 1006 முறை எண்ணை எண்ணாகவே எழுதி அனுப்புகிறது.

இந்தச் சோதனையில் ஒன்றும் வராவிட்டால் கோளாறு டெர்மினல் ஆப்பிலோ டச்பேட் அமைப்பிலோ இருக்கிறது. டீமக்ஸ் கோப்பைக் குடைவது வீண். சோதனை முடிந்ததும் அந்த இரு முறைகளையும் மறக்காமல் அணையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஷெல்லில் குப்பை விழும்.

இருப்பதைப் படித்துவிட்டு ஆரம்பிப்பது

லிஸ்ட்-கீஸ் கட்டளைக்கு, முன்விசை (கன்ட்ரோல் பி) இல்லாமலே இயங்கும் பிணைப்புகள் உள்ள ரூட் அட்டவணையைக் கொடுத்து, அதில் மவுஸ்டவுன்3 என்று தேடினால் இயல்பு மெனு முழுக்க வந்துவிடும். மூச்சுவிடாமல் ஓடும் ஒரே வரி. டீமக்ஸ் கணக்கில் வலது பட்டன் 3. டெர்மினல் அனுப்பும் 2 அல்ல. கட்டத்தின் மேல் கிளிக் ஆனால் மவுஸ்டவுன்3பேன், கீழ்ப்பட்டையில் விண்டோ பெயரின் மேல் என்றால் மவுஸ்டவுன்3ஸ்டேட்டஸ், பட்டையின் இடது ஓரத்தில் மவுஸ்டவுன்3ஸ்டேட்டஸ்லெஃப்ட். மூன்றுக்கும் தனித்தனி மெனு ஏற்கெனவே இருக்கிறது. பட்டையின் வலது ஓரம் காலி; அதைப் பிறகு பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த நீண்ட வரியின் தலையில் ஒரு நிபந்தனை இருக்கும். கட்டத்தில் ஓடும் நிரல் தனக்கு மவுஸ் வேண்டும் என்று கேட்டிருந்தால், மெனுவைக் காட்டாதே, கிளிக்கை அதற்கே அனுப்பு என்பது அதன் பொருள். இணையத்தில் கிடைக்கும் பல துண்டுகளில் இந்த நிபந்தனையை வெட்டி எறிந்திருப்பார்கள். வெட்டினால் விம் எடிட்டர், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் எச்டாப், உள்ளே ஓடும் இன்னொரு டீமக்ஸ் எதற்கும் ரைட் கிளிக் போகாது. நியோவிம் 0.8 முதல் மவுஸை இயல்பாகவே இயக்கி, தன் சொந்த ரைட் கிளிக் மெனுவை வைத்திருக்கிறது. அதை நாம் பறிக்கக் கூடாது. நிபந்தனையை அப்படியே விட்டேன். விம் ஓடும் கட்டத்திலும் டீமக்ஸ் மெனுவே வேண்டும் என்றால் ஆல்ட்டோடு ரைட் கிளிக். அதுவும் இயல்பிலேயே இருக்கிறது. சில டெஸ்க்டாப்புகள் ஆல்ட் ரைட் கிளிக்கை ஜன்னல் அளவை மாற்ற வைத்துக்கொள்ளும், அப்போது அந்த அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும்.

மெனு எழுதும் முறை சுலபம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று பொருள்: காட்டும் பெயர், குறுக்குவிசை, ஓட வேண்டிய கட்டளை. பெயர் வெறும் மேற்கோளாக இருந்தால் பிரிக்கும் கோடு. அதற்கு மற்ற இரண்டும் தேவையில்லை. பெயர் ஹைபனில் ஆரம்பித்தால் மங்கலாகத் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று கீழே கீழே எழுதி, ஒவ்வொரு வரி முடிவிலும் பின்சாய்கோடு போட்டால் கோப்பு படிக்கும்படி இருக்கும். பின்சாய்கோட்டுக்குப் பிறகு ஒரே ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் தொடர்ச்சி அறுந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் இந்த வேலையில் நேரத்தைத் தின்பது. குறுக்குவிசையாக ஜே, கே இரண்டையும் தவிர்க்கலாம். மெனுவுக்குள் மேலும் கீழும் நகர அவையும் பயன்படும். நீங்கள் ஒரு வேலைக்குக் கொடுத்துவிட்டால் நகர்வதற்குப் பதில் அந்த வேலை ஓடிவிடும்.

எந்தக் கட்டத்தின் மேல் கிளிக் செய்தோமோ அதற்குத்தான் கட்டளை போக வேண்டும். டிஸ்ப்ளே-மெனுவுக்கு இலக்காகச் சமக்குறி கொடுத்தால், மவுஸ் இருக்கும் கட்டம் என்று பொருள். கொடுக்காவிட்டால், வலப்பக்கக் கட்டத்தைச் சுட்டிக் 'கொல்' என்பீர்கள், இடப்பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது சாகும்.

டச்பேடில் மெனு மின்னி மறைகிறது

இயல்பு நடத்தை பழைய மேக் மெனு மாதிரி: பட்டனை அழுத்திப் பிடி, வேண்டிய வரிக்கு இழு, அங்கே விடு. வேறெங்காவது விட்டால் மெனு மூடிவிடும். மவுஸில் இது பழகிவிடும். டச்பேடில் இரண்டு விரலால் தட்டும்போது அழுத்துவதும் விடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே நடப்பதால், மெனு ஒரு கணம் தெரிந்து ஓடிவிடுகிறது. டிஸ்ப்ளே-மெனுவுக்குப் பெரிய ஓ என்ற தெரிவைக் கொடுத்தால் போதும். விரலை எடுத்தாலும் மெனு நிற்கும், மறுபடி கிளிக் செய்தால்தான் தேர்வாகும். இயல்பு மெனுவில் இதை ஏன் வைக்கவில்லை என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். மடிக்கணினியில் பாதிப் பேர் "மெனு வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவது இந்த ஒரு எழுத்தால்.

கட்டத்தைப் பார்த்து மாறும் வரிகள்

இதுதான் நான் தேடிய இடம். பெயர்ப் பகுதியில் நிபந்தனை எழுதலாம்: இது உண்மையென்றால் இந்தப் பெயர், இல்லையென்றால் வெறுமை. விரித்துப் பார்த்து வெறுமை வந்தால் டீமக்ஸ் அந்த வரியையே விட்டுவிடும். கட்டத்தில் இப்போது ஓடும் நிரலின் பெயர் பேன் கரன்ட் கமாண்ட் என்ற மாறியில் கிடைக்கும்.

அதில் எஸ்எஸ்எச் என்று இருந்தால் மட்டும் என் மெனுவில் ஒரு வரி முளைக்கும்: தொங்கிய இணைப்பை அறு. வைஃபை மாறினாலோ விபிஎன் விழுந்தாலோ எஸ்எஸ்எச் கட்டம் உறைந்துபோய், எதை அடித்தாலும் பதில் வராமல் நிற்கும். அதிலிருந்து வெளியேற ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு வழி உண்டு: என்டர், பிறகு ~ குறி, பிறகு புள்ளி. ~ குறி புது வரியின் முதல் எழுத்தாக இருந்தால்தான் எஸ்எஸ்எச் அதைக் கவனிக்கும். அதனால்தான் முதலில் என்டர். சென்ட்-கீஸ் கட்டளையில் இந்த மூன்றையும் வரிசையாகக் கொடுத்து மெனுவில் வைத்தேன். புதியவர்கள் மட்டுமல்ல, பல வருடம் லினக்ஸ் பார்த்தவர்களும் இதைக் கேள்விப்படாமல் ஜன்னலையே மூடிவிட்டுப் போகிறார்கள். ஒரு சர்வருக்குள் போய் அங்கிருந்து இன்னொன்றுக்குள் போயிருந்தால், இந்த வரி முதல் இணைப்பையே அறுக்கும். உள்ளே இருப்பதை மட்டும் அறுக்க ~ குறியை இரண்டு தடவை அனுப்ப வேண்டும். அதற்குத் தனி வரி வைத்திருக்கிறேன்.

அதே நிபந்தனையைத் திருப்பிப் போட்டு, 'இதே கோப்புறையில் பிரி' என்ற வரியை எஸ்எஸ்எச் கட்டத்தில் மறைத்தேன். புதுக் கட்டத்தின் தொடக்க இடமாகப் பேன் கரன்ட் பாத் என்ற மாறியைக் கொடுப்பதுதான் அந்த வரியின் வேலை. எஸ்எஸ்எச் ஓடும்போது அந்த மாறியில் இருப்பது நம் பக்கத்துக் கோப்புறை, தொலைவில் இருப்பது அல்ல. தொலை சர்வரிலேயே பிரிந்துவிட்டது என்று நினைத்து நம் கணினியில் கட்டளை அடிப்பது நல்லதல்ல.

நிபந்தனைக்குள் எழுதும் பெயரில் காற்புள்ளி வந்தால் # போட்டு அதைத் தப்பிக்க வைக்க வேண்டும். டீமக்ஸ் காற்புள்ளியைத்தான் எல்லையாகப் பார்க்கிறது. நிறம் கொடுக்கும் அடைப்புக்குள் வரும் காற்புள்ளிக்கும் இதே விதி. நான் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அடைப்பு எழுதித் தொல்லையைத் தவிர்த்தேன்.

'கொல்' வரியை வைத்துக்கொண்டேன், ஆனால் அப்படியே அல்ல. விசைப்பலகையில் முன்விசையோடு எக்ஸ் அழுத்தினால் டீமக்ஸ் "கொல்லவா?" என்று கேட்கும். இயல்பு ரைட் கிளிக் மெனுவிலோ கேட்பதில்லை, தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. கீழேயே இருக்கும் ரீஸ்பான் வரியும் ஓடும் நிரலைக் கொன்றுவிட்டுத்தான் புதிதாக ஆரம்பிக்கும். சுட்டி ஒரு வரி சறுக்கினால் மணிக்கணக்கில் ஓடிய வேலை போய்விடும். ரீஸ்பானை எடுத்துவிட்டேன். கொல் கட்டளையைக் கன்ஃபர்ம்-பிஃபோர் என்பதற்குள் வைத்தேன். அங்கே ஒரு நுணுக்கம்: மெனு விரியும் கணத்திலேயே கட்டளையில் உள்ள மாறிகளும் விரிந்துவிடும். ஆகவே இலக்காகப் பேன் ஐடி மாறியை எழுதினால், %7 மாதிரி ஒரு நிலையான எண்ணாக அது உறைந்துவிடும். கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் வேறு கட்டத்துக்கு மாறினாலும் சுட்டிய கட்டமே போகும்.

சுட்டியின் கீழ் இருக்கும் சொல்

மவுஸ் வேர்டு என்ற மாறி, சுட்டிக்குக் கீழே இருக்கும் சொல்லைத் தரும். மவுஸ் லைன் முழு வரியைத் தரும். இயல்பு மெனுவிலேயே இந்தச் சொல்லைத் தேடு, தட்டு, நகலெடு என்ற வரிகள் இவற்றால்தான் வருகின்றன. எனக்கு வேண்டியது லாகில் (சர்வரின் பதிவேட்டில்) தெரியும் ஐபி முகவரியின் மேல் ரைட் கிளிக் செய்து பிங் பார்ப்பது, அதாவது அந்த முகவரி பதில் தருகிறதா என்று தட்டிப் பார்ப்பது.

10.0.4.17 என்பதன் மேல் கிளிக் செய்தால் மெனுவில் வந்து நின்றது வெறும் 17. புள்ளியை டீமக்ஸ் சொல் பிரிப்பானாகக் கருதுகிறது. புதிய பதிப்புகளில் ஹைபன், சாய்கோடு, முக்காற்புள்ளி என்று நிறுத்தக்குறிகள் எல்லாமே பிரிப்பான்கள். வேர்டு-செப்பரேட்டர்ஸ் என்ற அமைப்பிலிருந்து புள்ளி, சாய்கோடு, ஹைபன், முக்காற்புள்ளி நான்கையும் எடுத்தேன். முகவரி முழுதாக வந்தது. கூடவே ஒரு லாபம்: இரட்டைக் கிளிக் செய்தால் கோப்புப் பாதையும் முழுதாகத் தேர்வாகிறது.

ஆனால் திரையில் இருக்கும் எழுத்தை அப்படியே ஷெல் கட்டளைக்குள் ஒட்டக் கூடாது. வெப் சர்வர் லாகில், வருபவரின் பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் சரத்தை எழுதியது யார்? யாரோ ஒரு வெளியாள். அதில் பின்மேற்கோளோ டாலர் குறியோடு அடைப்போ வைத்து ஒரு கட்டளையை அவர் ஒளித்திருந்தால், நம் கையால் கிளிக் செய்து அதை நாமே ஓட்டியதாகும். டாலர், அடைப்பு, அரைப்புள்ளி பிரிப்பான்களாக இருக்கும்வரை சொல் அளவில் ஆபத்து குறைவு. முழு வரியை எடுக்கும் மாறிக்கு அந்தக் காவலும் கிடையாது. மாறியின் முன் கியூ முக்காற்புள்ளி சேர்த்தால் ஷெல்லுக்குச் சிறப்புப் பொருளுள்ள எழுத்துகளை டீமக்ஸ் தப்பிக்க வைக்கும். ஆனால் மெனுக் கட்டளையை முதலில் டீமக்ஸ் படிக்கிறது, அப்புறம் ஷெல் படிக்கிறது; எந்தப் படியில் எந்த மேற்கோள் உரிக்கப்படுகிறது என்று யோசித்தே தலைவலி.

நான் ஷெல்லுக்குச் சொல்லைக் கொடுக்கவே இல்லை. மெனு வரி, கியூ சேர்த்த சொல்லைத் தனிப் பெயர் கொடுத்த ஒரு பஃபரில் (டீமக்ஸ் நகலெடுத்ததை வைக்கும் இடம்) போடுகிறது, அவ்வளவுதான். பெயர் கொடுத்தால் நாம் வழக்கமாக ஒட்டும் பஃபர் வரிசையில் அது குறுக்கிடாது. பிறகு, மேலே மிதக்கும் சின்ன ஜன்னலைத் திறக்கும் டிஸ்ப்ளே-பாப்அப் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. ஸ்கிரிப்ட் அந்த பஃபரைப் படித்து, எண்ணும் புள்ளியும் தவிர வேறு ஏதாவது இருந்தால் திரும்பிவிடும். சரியாக இருந்தால் நான்கு பிங். சொல் கட்டளை வரிக்குள் நுழையாததால் மேற்கோள் சிக்கலே இல்லை.

பாப்அப் 2021-இல் வந்த 3.2-இல் சேர்ந்தது. அதற்குப் பெரிய ஈ தெரிவைக் கொடுத்தால் நிரல் முடிந்ததும் ஜன்னல் மூடிவிடும்; நான்காவது பிங் முடிந்ததும் விடையைப் படிக்கவிடாமல் மறைந்துவிடும். இரண்டு ஈ கொடுத்தால் வெற்றியாக முடிந்தால் மட்டும் மூடும். எனக்கு வெற்றியானாலும் நேர அளவைப் பார்க்க வேண்டும், ஆகவே ஒன்றும் கொடுக்கவில்லை. எஸ்கேப் அழுத்தினால் போகும்.

பெயர்களைத் தமிழில் வைத்தால்

மெனுப் பெயர்களைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. டீமக்ஸ் யூனிகோடை ஏற்கிறது. வலது பக்கக் கோடுதான் ஏற்பதில்லை. வரிக்கு வரி ரம்பப் பல் மாதிரி உள்ளே வெளியே போகிறது.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று டீமக்ஸ் ஒரு கணக்குப் போடுகிறது, டெர்மினல் ஆப் தனியாக இன்னொரு கணக்குப் போடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் கோடு நேராக வரும். யூனிகோடு வகைப்பாட்டில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத குறிகள். ஆ, இ, உ, ஊ, எ, ஏ, ஐ முதலிய மற்ற குறிகள் இடம் பிடிப்பவை. லினக்ஸின் வழக்கமான சி நூலகம் முதல் வகைக்கு 0, இரண்டாம் வகைக்கு 1 என்று அகலம் தருகிறது. ஆகவே 'நகல்' மூன்று கட்டம், 'பிரி' நான்கு கட்டம். மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிரல் நிறுவி தரும் டீமக்ஸ் அகலம் கேட்பது வேறொரு நூலகத்தை. எழுத்துகளைச் சேர்த்து அழகாக வரையும் டெர்மினலில் 'பிரி' இரண்டு எழுத்தாகச் சுருங்கும், மீதி இடம் கோட்டை இழுக்கும். சேர்த்து வரையத் தெரியாத டெர்மினலில் இன்னும் மோசம்: 'தேடு' என்று எழுதினால் த முதலில் நிற்கும், இரட்டைக் கொம்பு அதன் வலப்பக்கம் ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

குறிகள் இடம் பிடிக்காத சொற்களாகவே பொறுக்கிப் பார்த்தேன். நகல், பக்கம், நீள், மற என்று போகும். இரண்டாவது வரியிலேயே விடுகதை ஆகிவிடும். கடைசியில் மெனுவின் தலைப்பை மட்டும் தமிழில் வைத்து, வரிகளை ஆங்கிலத்தில் விட்டேன். தலைப்பு மேல்கோட்டின் நடுவில் வருவதால் ஓரிரு கட்டம் பிசகினாலும் கண்ணை உறுத்துவதில்லை. தமிழ் உள்ளீடு இயக்கத்தில் இருக்கும்போது குறுக்குவிசை வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ்99-இல் எச் விசை 'க' அனுப்பும். மெனு எச்சுக்காகக் காத்திருக்கும். 'க' என்பதையே குறுக்குவிசையாகக் கொடுக்கலாம், ஆனால் வரிக்கு ஒன்றுதான், இரண்டும் வைக்க முடியாது.

சில்லறை வேலைகள்

உருட்டிய வரலாறு முழுவதையும் கோப்பில் சேமிக்கும் வரி ஒன்று சேர்த்தேன். கேப்சர்-பேன் கட்டளைக்குத் தொடக்கமாக ஹைபன் கொடுத்தால் வரலாற்றின் முதல் வரியிலிருந்து எடுக்கும். இயல்பாக 2000 வரிதான் நினைவில் இருக்கும். ஹிஸ்டரி-லிமிட்டை உயர்த்தினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டங்களுக்கு அது பொருந்தாது, புதிதாகத் திறப்பவற்றுக்குத்தான்.

வரிகள் கூடக்கூட ஒரு விஷயம் வெளிவந்தது. மெனுவின் உயரம், மேல் கீழ்க் கோடுகளோடு சேர்த்து, டெர்மினலின் உயரத்துக்கு மேல் போனால் டீமக்ஸ் மெனுவைக் காட்டாது. பிழைச் செய்தியும் வராது. பெரிய மானிட்டரில் வேலை செய்வது, எடிட்டருக்குக் கீழே குட்டியாக இருக்கும் டெர்மினலில் மௌனமாக இருக்கும். அரிதாகப் பயன்படுத்துபவற்றை 'மற்றவை' என்ற ஒரு வரிக்குள் தள்ளி, அந்த வரியின் கட்டளையாக இன்னொரு டிஸ்ப்ளே-மெனு வைத்தேன். இரண்டாவது மெனுவின் இடத்தை மவுஸை வைத்துச் சொல்லாமல் நடு என்று கொடுத்தேன், ஏனென்றால் விசையால் தேர்ந்தெடுத்து வருபவருக்கு மவுஸ் இடம் என்று ஒன்றில்லை.

நிறம், ஓரக்கோடு மாற்றுவதெல்லாம் 2024-இல் வந்த 3.4-இல்தான். உபுன்டு 24.04-இல் அது இருக்கிறது, 22.04-இல் இருப்பது 3.2ஏ, டெபியன் 12-இல் 3.3ஏ. ரெட்ஹேட் 8 வகை சர்வர்களில் 2.7தான், அங்கே டிஸ்ப்ளே-மெனு என்றாலே அறியாத கட்டளை என்று திரும்பிவிடும். மெனுவைத் தனிக் கோப்பில் வைத்து, புதிய பதிப்பு உள்ள இடங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். கோப்பிலிருந்து ஒரு விசை வரியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாலும் பழைய பிணைப்பு போகாது. அன்பைண்ட் சொல்ல வேண்டும், அல்லது டீமக்ஸையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

காலியாக இருந்த வலது ஓரத்துக்கு சர்வர் பட்டியல் வைத்தேன். எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் என்று தொடங்கும் வரிகளை ஸ்கிரிப்ட் படிக்கும், * உள்ளவற்றைத் தள்ளும், மீதிக்கு 1 முதல் 9 வரை குறுக்குவிசை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் புது விண்டோ திறக்கும் டிஸ்ப்ளே-மெனு கட்டளையைக் கட்டி ஓட்டும். கீழ்ப்பட்டையின் வலது ஓரத்தில் ரைட் கிளிக் செய்தால் அந்த ஸ்கிரிப்டை ரன்-ஷெல் அழைக்கும். மெனுவின் இடம் வலது ஓரம், பட்டைக்கு மேல். மவுஸ் இடம் என்று கொடுக்க முடியாது: ஸ்கிரிப்ட் வழியாகப் போகும்போது கிளிக் பற்றிய தகவல் அறுந்துவிடுகிறது. அதே காரணத்தால் இப்படித் திறந்த மெனுவில் இடது கிளிக்கும் எடுபடாது, அம்புக்குறியாலோ எண்ணாலோதான் தேர்ந்தெடுக்கலாம். புதிய பதிப்பில் டிஸ்ப்ளே-மெனுவுக்குப் பெரிய எம் தெரிவு கொடுத்தால் மவுஸும் வேலை செய்யும். 3.4 இருக்கும் சர்வரில் அந்தத் தம்பி இப்போது எண்ணை அழுத்தித்தான் போகிறார்.